ஒரு பட்டாணி அளவு

முட்டாள்தனத்தை அளக்க ஒரு கணக்கு உண்டென்றால் என்னுடையது ஒரு முழு ட்யூப். பட்டாணி அளவு பசை போடவேண்டிய இடத்தில் ட்யூபையே பிதுக்கினேன். பிதுக்கியதோடு விட்டேனா? எங்கள் வீட்டில் பற்பசைக்குச் செய்வதுபோல அதைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி, உள்ளே ஒட்டிக்கொண்டிருந்ததையும் ஸ்பூனால் வழித்துத் தடவினேன். இது சின்ன முட்டாள்தனம். பெரியது, அதைச் சரிசெய்யப் போனது.

பசை என்றதும் காகிதம் ஒட்டுகிற பசை என்று நினைத்துவிடாதீர்கள். போன மழைக்காலம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். கம்ப்யூட்டருக்குள் ப்ராசஸர் என்று ஒரு சின்னச் சதுரம் இருக்கிறது. யோசிக்கிற வேலை முழுவதும் அதன் தலையில், அதனால் அது சூடாகும். என் நெற்றி எந்நேரமும் ஜில்லென்று இருப்பதற்கும் இதுதான் காரணம் என்பாள் என் மனைவி. அந்தச் சதுரத்தின் மேல் விசிறி வைத்த உலோகக் கட்டி ஒன்று உட்கார்ந்து சூட்டை இழுத்து வெளியே தள்ளும். இரண்டும் பார்க்கத்தான் வழவழப்பு. உள்ளபடி மழைக்காலத்து ரோடு மாதிரி மேடும் பள்ளமும். பள்ளத்தில் காற்று தங்கினால் சூடு தாண்டாது. அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட் என்று சாம்பல் நிறத்தில் ஒரு பசை.

கம்ப்யூட்டர் என்னுடையது இல்லை. என்னுடையதாக இருந்திருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நான் அதில் சீட்டு விளையாடுவேன், அவ்வளவுதான். அது என் மனைவியுடையது. இன்னும் கட்டாத சமையலறையைக் கட்டி முடித்து ஃபோட்டோ எடுத்ததுபோலப் படமாக்கிக் காட்டுவது அவள் தொழில். கிரானைட்டில் ஜன்னல் வெளிச்சம் விழும், குழாயில் அந்த ஜன்னலே வளைந்து தெரியும். பல வருஷம் ஒரு கம்பெனியில் இருந்தாள். அவள் வரைந்த அடுக்களைகள் எல்லாம் முதலாளி பெயரில் வெளியே போயின. அந்த வேலையை விட்டுவிட்டு, செம்பூரில் எங்கள் ஒற்றை பெட்ரூம் ஃப்ளாட்டில், கட்டிலுக்கும் பால்கனிக்கும் நடுவே ஒரு மேசை போட்டு, தன் பெயரில் தொடங்கியிருந்தாள். முதல் வேலை ஐரோலியில் புது ஃப்ளாட் வாங்கிய ஒரு தம்பதிக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்து படத்தைப் பார்ப்பார்கள். பிடித்தால் இவள். பிடிக்காவிட்டால், அல்லது படமே இல்லாவிட்டால், கடையில் ரெடிமேடாகக் கிடைப்பதை வாங்கி மாட்டிக்கொள்வார்கள். சொல்லிவிட்டே போயிருந்தார்கள்.

அந்த வாரம் பார்த்துக் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல். படம் பாதி வரும்போது விசிறி விமானம்போல இரையும், திரையின் மூலையில் டிகிரி தொண்ணூறைத் தாண்டும், நூறை நெருங்கும், பொட்டென்று அணைந்துவிடும்.

நான் ஒரு கூரியர் ஆபீசில் கணக்குப் பார்ப்பவன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. அதை அதுவே செய்துகொள்கிறபோது எனக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் கையில் ஃபோன் இருக்கிறதே. வீடியோ பார்த்தேன். பழைய பசை காய்ந்துபோயிருக்கும், சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடு என்றார்கள். எவ்வளவு, எப்படி என்பதில்தான் உலகமே கட்சி கட்டி நிற்கிறது. நடுவில் பொட்டு வைக்கிற கட்சி. நெட்டுக்கு ஒரே கோடாக இழுக்கிற நாமக் கட்சி. பெருக்கல் குறி போடுகிற கட்சி. சந்தனக்காப்பு மாதிரி முழுசும் பூசுகிற கட்சி. ஒருவரை ஒருவர் கமெண்டில் திட்டிக்கொள்வதைப் பார்த்தால் எங்கள் ஃப்ளாட்காரர்களின் சொசைட்டி மீட்டிங் எவ்வளவோ மேல்.

சனிக்கிழமை காலை ட்யூபோடு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நாளைக்கு அவங்க வர்றாங்க. தெரியும்ல?" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் தொடுறீங்களா?"

"ஒரு பட்டாணி அளவு போடணும், அவ்வளவுதான். உலகம் பூரா போடுறான்."

பட்டாணி என்று சொன்னேனே தவிர, விசிறியைக் கழற்றி அந்தச் சதுரத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. இத்தனை நாள் என் மனைவிக்காக வெந்த ஜீவன், அதற்குப் போய்ப் பட்டாணியா? தோசைக்கு எண்ணெய் விடுவதில்கூடக் கணக்குப் பார்க்காத வம்சம் நாங்கள். விட்டேன். விசிறியை வைத்து அழுத்தியதும், வடாபாவைக் கடிக்கும்போது பச்சைச் சட்னி நாலு பக்கமும் வழியுமே, அப்படி வழிந்தது. போர்டில், என் முழங்கையில், காதில், பால்கனிக் கதவில். காதுக்கு எப்படிப் போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் கம்ப்யூட்டர் ஓடியது. அதுவும் எண்பதைத் தாண்டாமல் ஓடியது. சின்னப் படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள், அணையவில்லை.

"பரவால்லயே," என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கைவேலைக்குக் கிடைத்த முதல் பரவாயில்லை. அதை வைத்துக்கொண்டு அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அலமாரிக் கதவுக்கு லேமினேட் நிறம் பார்க்க அவள் குடையோடு கடைக்குக் கிளம்பினாள். அவள் லிஃப்டில் இறங்குகிற அதே நேரத்துக்கு என் மாமனார் ஏறி வந்தார்.

மாமா அணுசக்தி நகரில் வேலை பார்த்து ரிட்டயரானவர். என்ன வேலை என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. பெண் பார்க்கப் போனபோது மரியாதைக்குக் கேட்டேன். "சொல்லக்கூடாது," என்றார். அதற்குப் பிறகு காய்கறி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு ஒரு தயக்கம்.

திறந்திருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார். "என்ன மாப்ள, களிம்பு பூசி வச்சிருக்கீங்க?"

"கொஞ்சம் கூடிப்போச்சு மாமா. ஆனா நல்லா ஓடுது."

"ஓடும். ஆனா இது சரியில்லலா. சூடு போறதுக்கு உலோகமும் உலோகமும் தொடணும். நடுவுல பசை என்னத்துக்கு? கல்யாணத் தரகர் மாதிரி. சேத்து வச்சிட்டுப் போயிரணும். இங்க தரகர் கட்டில்ல படுத்துக் கெடக்கார்."

மனுஷர் பேசிய பேச்சிலேயே அதுதான் நீளம். மயங்கிவிட்டேன். எனக்கும் உள்ளே ஒரு அரிப்பு. அதிகமாகப் போட்டால் கம்பளி போர்த்தினமாதிரி என்று எவனோ கமெண்டில் எழுதியிருந்தது உறுத்திக்கொண்டே இருந்தது. ஓடுகிற கம்ப்யூட்டரை அணைத்தோம். விசிறியைக் கழற்றினோம். என் பழைய பனியனில் ஸானிடைசர் ஊற்றி, பசை முழுவதையும் துளி விடாமல் துடைத்தோம். இரண்டு ஆம்பளைகள் ஒரு வேலையை இத்தனை சுத்தமாகச் செய்து எங்கள் வீட்டுச் சுவர்கள் பார்த்ததில்லை. அப்புறம் ஸ்பூனில் மிச்சமிருந்ததை மாமா தன் பஸ் பாஸின் விளிம்பால் எடுத்தார். நடுவில் ஒரு இழுப்பு. கண் மை மாதிரி.

"போதுமா மாமா?"

"இதே ஜாஸ்தி."

பனியனை அலசி பால்கனியில் காயப்போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல டீ குடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, புது லேமினேட் நிறத்தைப் போட்டு, பெரிய படத்தை ஓடவிட்டாள். படம் சின்னச் சின்னக் கட்டங்களாக நிரம்பும். மேல் அலமாரி வந்தது, ஜன்னலில் பாதி வந்தது. விசிறி இரைந்தது. திரை கறுத்தது.

அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு, பேப்பர் படிக்கிற சாக்கில் வந்து உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். பிறகு பால்கனியில் சாம்பல் திட்டுகளோடு தொங்கிய பனியனைப் பார்த்தாள்.

"நேத்து ஓடிட்டு இருந்துச்சு," என்றாள்.

"உங்கப்பாதான்..." என்று ஆரம்பித்தேன்.

"மாப்ளதான் கேட்டாரு," என்றார் மாமா. அணு ரகசியம் காத்த மனுஷர் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை.

கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் கோபப்படவில்லை. கறுத்த திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு, "அவங்க மத்தியானம் வந்துருவாங்க," என்று மட்டும் சொன்னாள். நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்தேன்.

திறந்து பார்த்தால் மாமாவின் கண் மை நடுவில் மட்டும் ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் வெறும் தகரம். பசை கூடினால் வழிந்து அசிங்கம்தான். குறைந்தால் வேலையே இல்லை. இதை இவ்வளவு செலவில்லாமலும் தெரிந்துகொண்டிருக்கலாம். இப்போது பசைக்கு எங்கே போவது? கம்ப்யூட்டர் சாமான் விற்கிற லாமிங்டன் ரோடு ஞாயிற்றுக்கிழமை கதவு சாத்தியிருக்கும். கொத்தமல்லியைப் பத்து நிமிஷத்தில் கொண்டுவருகிற ஆப்பில் பேஸ்ட் என்று தேடினேன். இஞ்சி பூண்டு பேஸ்ட் காட்டியது. அதற்குக் கீழே, மழையால் இன்று டெலிவரி இல்லை என்று போட்டிருந்தது. வெட்டிய ட்யூபை விரித்துப் பார்த்தேன். முந்தாநாள் கழுவிய தட்டு மாதிரி இருந்தது. என் வேலைதானே.

மாமா தொண்டையைச் செருமினார். "ஜிங்க் ஆக்சைடு இருந்தா ஒரு நாளைக்குத் தாங்கும்."

"அது எங்க கெடைக்கும்?"

"கொழந்தைக்கு டயபர் போட்ட எடத்துல செவந்துட்டா தடவுவாங்கள்ல, வெள்ளையா? அதுல இருக்கு."

"இது நெஜமா, இல்ல நேத்து சொன்ன மாதிரியா?" என்று அவர் மகள் கேட்டாள்.

மாமா பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது போலிருக்கிறது.

கீழ்வீட்டு மராத்திக்கார அம்மாவுக்கு ஒரு பேரன் பிறந்திருந்தான். நான்தான் இறங்கிப் போனேன். எங்கள் மகள் புனேயில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள் என்பது அந்த அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். நான் கேட்ட க்ரீமை உள்ளேயிருந்து எடுத்துவந்தவர், கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு, "கிஸ்கே லியே?" என்றார். யாருக்கு என்று கேட்டால் என்ன சொல்வது.

"கம்ப்யூட்டருக்கு," என்றேன்.

என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் அவர் மருமகள் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. "திருப்பித் தர வேண்டாம்," என்று இந்தியில் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

மாடிக்கு வந்தால் பெட்டி முன்னால் என் மனைவி தயாராக உட்கார்ந்திருந்தாள். க்ரீமை வாங்கினாள். நானும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் குனிந்தோம். "இன்னும் கொஞ்சம்," என்றேன் நான். "கொறைச்சுக்கோ," என்றார் அவர். அவள் எங்கள் இருவரையும் கட்டிலில் போய் உட்காரச் சொன்னாள். நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். நான் தினமும் பார்க்கிற அதே பொட்டின் அளவு. விசிறியை நேராக வைத்து, ஆட்டாமல் அழுத்தி மாட்டினாள். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, அடுக்களை டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அதன் முகத்துக்கு நேரே வைத்தாள்.

"அப்பா, டிகிரி மட்டும் சொல்லுங்க," என்றாள். என்னிடம், "நீங்க ஃபேனைப் பிடிச்சுக்கோங்க. வேற எதுவும் பண்ண வேண்டாம்."

படம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அலமாரி. ஜன்னல். "எண்பத்தஞ்சு," என்றார் மாமா. அடுப்பு வந்தது. "எண்பத்தெட்டு." கிரிக்கெட் ஸ்கோருக்குக்கூட நான் அப்படிக் கலங்கியதில்லை. அதுவோ அங்கேயே நின்று இழுத்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குழாயும் தொட்டியும் வரவேண்டிய மூலை மட்டும் பாக்கி இருக்கும்போது வாசலில் மணி அடித்தது.

"போய்ப் பேசிட்டு இருங்க," என்றாள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "கம்ப்யூட்டரைப் பத்திப் பேசாதீங்க."

ஃபேனை மாமாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போய், ஐரோலித் தம்பதியை உட்காரவைத்தேன். ஹார்பர் லைன் ட்ரெயின் பற்றிப் பேசினேன், மழை பற்றிப் பேசினேன், மழையில் ஹார்பர் லைன் ட்ரெயின் பற்றிப் பேசினேன். கணவர் தலையாட்டினார். அவர் மனைவி மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். சூட்டில் இளகிய க்ரீமின் மணம் வீடு முழுக்கப் பரவியிருந்தது. குளிப்பாட்டிப் பவுடர் போட்ட குழந்தை ஒன்று எங்கேயோ படுத்திருக்கிற மாதிரி.

"வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?" என்று இந்தியில் கேட்டார்.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "ரெண்டு."

படம் முடிந்திருந்தது. அவர்களை உள்ளே கூப்பிட்டாள். அந்த அம்மா திரைக்குப் பக்கத்தில் போய், ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் தொட்டியில் விழுகிற இடத்தில் விரலை வைத்தார். என் மனைவி துப்பட்டாவின் நுனியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு நின்றாள். மாமா ஃபேனை விடவில்லை. நான் மூச்சை விடவில்லை.

"நான் நிக்கப்போறது இங்கதானே?" என்றார் அந்த அம்மா. பிறகு கணவரைப் பார்க்காமலே, "எப்போ ஆரம்பிப்பீங்க?" என்றார்.

அவர்கள் போனபிறகு மூன்று பேரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து டேபிள் ஃபேன் காற்று வாங்கினோம். என் மனைவி சிரித்தாள். ஒரு க்ஷணம் அழுகிறாளோ என்று பயந்தேன், சிரிப்புதான். படுக்கையறைக்கும் அவர்களே படம் கேட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு லாமிங்டன் ரோடு போனேன். நல்ல பசையாகப் பார்த்து ஒரு ட்யூப் வாங்கி, அதை நனையாமல் டிபன் டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் லேசாக இரைய ஆரம்பித்திருந்தது. க்ரீம் காய்கிறது. அவள் திரையில் ஐரோலிப் படுக்கையறைக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தாள்.

டப்பாவைத் திறந்து ட்யூபைக் காட்டினேன். "கூடவும் போட்டுப் பாத்துட்டேன், கொறையவும் போட்டுப் பாத்துட்டேன். எவ்வளவு போடணும்னு இப்ப இந்தச் செம்பூர்லயே என்னைவிட யாருக்கும் தெரியாது. அஞ்சு நிமிஷம் எந்திரிக்கிறியா?"

அவள் திரும்பவில்லை.

"ட்யூபை அங்க வச்சிட்டுப் போங்க."