போன ஹைட்ரஜன் எங்கே?

கரிம வேதியியலில் மட்டும் எனக்கு ஒரு அரியர். மூன்று தடவை எழுதியும் தேறவில்லை. இதற்குள் பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டார்கள். பழைய பாடத்தில் நாலாவது தடவைதான் கடைசி வாய்ப்பு. விட்டால் டிகிரி கிடையாது.

காரைக்குடியில் ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கிப் படித்தோம். மற்ற ஐந்து பேரும் எம்.எஸ்ஸி. சேர்ந்து அங்கேயே இருந்துவிட, நான் மட்டும் கல்லலுக்குத் திரும்பி மாமாவின் உரக்கடையில் உட்கார்ந்தேன். மத்தியானத்தில் கடைக்கு ஈ காக்கை வராது. அந்த நேரத்தில் படிப்பேன்.

என் வில்லங்கம் பென்சீன் என்ற ஆறு கார்பன் வளையம். அதற்கு மூன்று இரட்டைப் பிணைப்பு. ஒரே இரட்டைப் பிணைப்புள்ள எத்திலீனில் புரோமின் பேசாமல் போய்ச் சேர்ந்துகொள்கிறது. இங்கே மட்டும் ஏன் ஒரு ஹைட்ரஜனை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார வேண்டும்? புரியாமலே மனப்பாடம் செய்தேன். ஒரு வகுப்புத் தேர்வில் புரோமோபென்சீனை மட்டும் வரைந்துவிட்டு வந்தேன். "போன ஹைட்ரஜன் எங்கே?" என்று ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார். அறையில் அதைச் சொல்லியே என்னை ஓட்டித் தள்ளினார்கள்.

நோட்டு வாங்க ஒருநாள் அந்த அறைக்குப் போனேன். என் கட்டிலில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் படுத்திருந்தான். எழுந்து, "வாங்கண்ணே, எப்ப வந்தீக? இங்குட்டு உக்காருங்க" என்றான். விருந்தாளிக்குச் சொல்வது மாதிரி. மற்றபடி ஒன்றும் மாறவில்லை. அதே கேலி, டீ வாங்க யார் போவது என்ற அதே சண்டை. அவனையும் சேர்த்து ஆறு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தேன். பென்சீனின் இரட்டைப் பிணைப்புகளுக்கான ஆறு எலக்ட்ரான்களும் ஓரிடத்தில் நிற்பவை அல்ல, ஆறு கார்பனுக்கும் பொது என்று போட்டிருந்தது. நூறு தடவை படித்த வரிதான். அந்தப் பொதுவுடைமைதான் அரோமேட்டிக் தன்மை, வளையத்தின் பலமே அதுதான். புரோமின் கூடுதலாகச் சேர்ந்தால் அது போய்விடும். வினையூக்கியின் தயவில் புரோமின் வந்து ஒட்டும்போது ஒரு கணம் குலையத்தான் செய்கிறது. உடனே அதே கார்பனிலிருந்த ஹைட்ரஜனை அனுப்பிவிட்டு வளையம் பழையபடி ஆகிவிடுகிறது. வளையத்தின் மேல் தப்பில்லை. புரிந்துவிட்டது. சந்தோஷம் ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம்.

தேர்வு அறையில் நான் ஒருவன்தான். "தம்பி, நீங்க மட்டும்தான் வந்திருக்கீகளா?" என்று கண்காணிப்பாளர் கதவைப் பார்த்தார். பென்சீன் கேள்வி வந்திருந்தது. காரணத்தோடு எழுதினேன். சமன்பாட்டின் கடைசியில் ஹைட்ரஜன் புரோமைடை மறக்காமல் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.

பாஸாகிவிட்டேன். முடிவு வந்ததும் கடையில் உட்கார்ந்தபடியே எங்கள் அறையின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். "நாளைக்குப் பரீட்சைடா" என்று நான் போட்டதுதான் கடைசிச் செய்தி. ஐந்து பேரும் பார்த்திருந்தார்கள். "பாஸ்" என்று அடித்ததை அழித்துவிட்டேன்.

அப்போது ஒரு விவசாயி கடைக்குள் வந்தார். முன்பின் தெரியாதவர்.

"அண்ணே, நான் பாஸாயிட்டேன்" என்றேன்.

"ரெம்பச் சந்தோசம் தம்பி" என்றார். "யூரியா வந்துருச்சா?"