உடுப்பிட்டியில் நிறுத்தாமல் போனோம்

என்னிடம் இருப்பது பழைய ஜப்பான் கார். டர்போ எஞ்சின், பின்னால் பறவைச் செட்டைபோல ஒரு ஸ்பொய்லர், முன் சில்லுகளுக்குள்ளே சிவப்பாகத் தெரிகிற பெரிய பிறேக். மாடும் சைக்கிளும் ஓட்டோவும் போக மிச்சம் இருக்கிற யாழ்ப்பாண ரோட்டில் இதை வைத்து என்ன செய்கிறாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: உன் வேலையைப் பார். மனைவியிடம் மட்டும் அந்தப் பதில் எடுபடவில்லை.

முன் பிறேக் பாட் தேய்ந்து போனதில் தொடங்கியது வில்லங்கம். சைக்கிள் ஓடிய காலத்திலிருந்து எங்கள் வாயில் அது கட்டைதான். பழைய கட்டையைக் கழற்றிச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போய்க் கடை கடையாகக் காட்டினேன். ஒருவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உது லொறியின்ரையோ அண்ணை?” என்றான். கடைசியில் ஒரு கடையில் அதே அளவில் ஒன்று கிடைத்தது. பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று கடைக்காரனுக்கும் தெரியாது. பூட்டினேன். கார் நின்றது. ஆனால் நிற்கும்போது பன்றியை அறுப்பதுபோலக் கத்தியது.

மானிப்பாயில் ஆஸ்பத்திரிக்கு முன்னால் கத்தியதுதான் பெரிய பிழை. பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. “ஆரையடா அடிச்சுப்போட்டாங்கள்?” என்று ஒரு கிழவர் ரோட்டுக்கே இறங்கிவிட்டார். மனைவி ஹான்ட்பாக்கால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கினாள். வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு.

“இஞ்சேருங்கோ, வாற வெள்ளிக்கிழமை சந்நிதிக்குப் போறம். கோயில் வாசலிலை இது ஒருக்காக் கத்தினாலும், சனிக்கிழமை வித்தாச்சு. மானிப்பாயிலை ஒராள் கேட்டுக்கொண்டிருக்கு.”

சும்மா வெருட்டுகிறாள் என்று நினைத்தேன். அந்த ஆள் எனக்கே போன் எடுத்து, சனிக்கிழமை காலையா பின்னேரமா வசதி என்று கேட்டான். பின்னேரம் என்று வாயில் வந்ததைச் சொல்லி வைத்தேன்.

அவளுடைய தம்பி கனடாவில் இருக்கிறான். கார் விசயத்தில் தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. விடுமுறைக்கு வர இருந்தவனிடம் கட்டை கொண்டுவரச் சொன்னேன்.

“அத்தான், ரேஸ் ஓடுறவங்கள் பாவிக்கிற கட்டை வாங்கிக்கொண்டு வாறன். அறுநூறு டிகிரிச் சூட்டிலையும் பிடிக்கும்.”

“அறுநூறு டிகிரிக்கு நான் எங்கையடா போறது? அச்சுவேலிச் சந்தியிலை மாடு படுத்திருக்கு. அதுக்கு முன்னாலை, சூடில்லாமல் பிடிக்கிற கட்டை ஏதும் இருந்தாக் கொண்டுவா.”

அரை மணித்தியாலம் சண்டை பிடித்தோம். ரேஸ் கட்டை சூடேறினால்தான் ஒழுங்காகப் பிடிக்கும்; குளிரில் பிடிக்காது, அதோடு கத்தவும் செய்யும். கத்துகிற கட்டை எனக்கு ஏற்கெனவே இருந்தது. கடைசியில் வேகமான காருக்கு ரோட்டில் போடுகிற ரகத்துக்கு ஒத்துக்கொண்டான். சொக்லேட்டுக்கும் ரீசேர்ட்டுக்கும் நடுவில் இரும்பை வைத்துச் சூட்கேஸைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

பூட்டியது நான். அவன் அரைக் காற்சட்டையோடு பக்கத்தில் நின்று காலில் கடித்த நுளம்பை அடித்தான். ஜக் வைத்துக் காரைத் தூக்கி, சில்லைக் கழற்றி, கட்டையைப் பிடிக்கிற ஊசிகளைத் தட்டி எடுத்து, பழைய கட்டையை உருவி, பிறேக் பிஸ்டன்களை மெல்ல உள்ளே தள்ளினேன். புதுக் கட்டையின் முதுகில் மட்டும், சத்தம் வராமல் இருக்க, கொஞ்சம் கிறீஸ் பூசினேன். அந்த வழியாக வந்த மனைவி, “பிறேக்குக்கு ஆரும் எண்ணெய் பூசுவினமே?” என்று கேட்டுவிட்டுப் போனாள். முதுகு எது முகம் எது என்று விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

புதுக் கட்டையைப் பூட்டியவுடன் கோயிலுக்குக் கொண்டுபோக முடியாது. சில்லோடு சுற்றுகிற இரும்புத் தட்டான டிஸ்க்கோடு அதைப் பழக்க வேண்டும். வேகமாக ஓடி, பலமாகப் பிறேக் பிடித்து, முழுதாக நிற்காமல் திரும்ப ஓட வேண்டும். அப்படிப் பல தடவை. வியாழக்கிழமை பின்னேரம் வல்லை வெளிக்குப் போனோம். நேரான ரோட்டு, போன நேரம் காற்றைத் தவிர யாரும் இல்லை. ஓடினோம், பிடித்தோம், ஓடினோம், பிடித்தோம். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வந்த மீன்காரர், தன்னைக் கண்டுதான் வேகத்தைக் குறைக்கிறோம் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்தார். கடைசித் தடவை மூடியைத் திறக்கவில்லை, வாயைத் திறந்தார்.

சில்லிலிருந்து எரிந்த மணம் எழும்பியது. மச்சான் கையைத் தூக்கினான். “காணும், இனிப் பிடிக்கவேண்டாம். இனித்தான் முக்கியமான விசயம் அத்தான். கொதிக்கிற டிஸ்க்கிலை கட்டை அமந்து நிண்டா அந்த இடத்திலை ஒட்டிப்போகும். பேந்து பிடிக்கேக்கை ஸ்டியரிங் உதறும், கத்தவும் கத்தும். சூடு ஆறுமட்டும் நிக்கப்படாது. என்ன வந்தாலும் பிறேக்கிலை கால் வைக்கப்படாது.”

உடுப்பிட்டி, வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு என்று சுற்றி ஆறுதலாக அச்சுவேலியில் இருக்கிற வீட்டுக்குத் திரும்புவதாகத் திட்டம். உடுப்பிட்டியில் யார் இருக்கிறார் என்பதை அந்தக் கனடாப் புத்தி யோசிக்கவில்லை.

மனைவிக்கும் மச்சானுக்கும் மாமி, அவர்களுடைய தகப்பனின் தங்கை, ரோட்டோரம் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மருமகன் வந்து நான்கு நாள். இன்னும் போய்ப் பார்க்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவன் சொந்தக்காரரைக் கண்டும் நிறுத்தாமல் போனால் எங்கள் ஊரில் அதைப் பத்து வருசம் கதைப்பார்கள்.

“ஐயோ மாமி! அத்தான், நிப்பாட்டுங்கோ!”

“என்ன வந்தாலும் நிக்கப்படாது எண்டு நீதானே சொன்னனி?”

“மாமி, அத்தான்!”

“மாமி வந்தாலும் டிஸ்க் கொதிக்கும்.”

பிறேக்கைத் தொடாமல் முதலாம் கியருக்கு இறக்கினேன். கார் நடை வேகத்தில் உருண்டது. மாமியும் விடவில்லை, கூடவே நடந்தார்.

“எப்ப மோனை வந்தனி?”

“ஞாயிற்றுக்கிழமை மாமி. நிக்கேலாது மாமி, பிறேக் சூடு...”

“இறங்கி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்.”

“பேந்து வாறன் மாமி!”

“என்னையும் இந்தக் காருக்குப் பின்னாலை நடக்க வைச்சிட்டாய், என்ன? போ மோனை. பெரிய ஆக்கள். போங்கோ.”

குடையை மடக்கினார். நான் கியரை மாற்றினேன். தொண்டைமானாற்றுப் பாலம் வரைக்கும் மச்சான் பின்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான்; பிறேக் பாடம் நடத்த மறந்துவிட்டான். எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சந்நிதி வாசலில் கார் பூனைபோல நின்றது. ஒரு சத்தம் இல்லை, ஒரு உதறல் இல்லை. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மாமியும் கோயிலுக்கு வந்திருந்தார். இவளைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். தம்பி காருக்குள்ளேயே குனிந்துவிட்டான்.

மனைவி ஓடிப்போய்க் கெஞ்சி, நடந்த கதையைக் கேட்டுக்கொண்டு வந்தாள். “கார் கத்தேல்லை, சரி. இப்ப மாமியெல்லோ கத்துறா. ரெண்டு பேருமாச் சேந்து என்ரை மானத்தை வாங்கிப்போட்டியள். நாளைக்கு அவவை ஏத்திக்கொண்டு, சொல்லுற இடமெல்லாம் போங்கோ. அவவின்ரை கோவம் தீந்தாச் சரி. தீரேல்லையோ, பின்னேரம் மானிப்பாய் ஆள் வருவார்.”

சனிக்கிழமை மாமி பட்டுச்சேலையோடு முன் சீற்றில் ஏறினார். மச்சானைப் பின்னால் தள்ளினார். “இஞ்சை நிப்பாட்டு” என்றார், நின்றேன். “அங்கை நிப்பாட்டு” என்றார், நின்றேன். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் கண்ணாடியை இறக்கி, “என்ரை மருமோன், கனடாவிலை இருந்து என்னைப் பாக்கவெண்டே வந்தவன்” என்றார். பின்னால் இருந்தவன் பல்லைக் காட்டினான். மத்தியானமாகியும் இடம் முடியவில்லை. மானிப்பாய்க்காரன் இரண்டு தடவை போன் எடுத்தான். நான் எடுக்கவில்லை.

“மாமி, கார் பரவாயில்லையோ?” என்று மெல்லக் கேட்டேன்.

“நல்லாத்தானே நிக்குது. சத்தமுமில்லை. விக்கப்போறதெண்டு அவள் சொன்னவள், இதை ஏன் விக்கிறியள்? அவளிட்டை நான் சொல்லுறன். வாற கிழமையும் எனக்கு ரெண்டு மூண்டு இடம் கிடக்கு.” பிறகு விரலை நீட்டினார். “அந்தப் பச்சைக் கேற்றடியிலை நிப்பாட்டு.”

“அவையோடை நீங்கள் கதைக்கிறேல்லையெல்லோ மாமி?” என்றான் மச்சான்.

“ஓம். அதுதான் நிப்பாட்டச் சொல்லுறன்.”

நிறுத்தினேன். வீட்டுக்காரப் பெண் வெளியே வந்து, காரைப் பார்த்து, உள்ளே இருப்பது யார் என்று கண்டுகொள்ளும் வரைக்கும் மாமி பொறுத்திருந்தார். பிறகு முகத்தை முழுதாக என் பக்கம் திருப்பிக்கொண்டு, “ம், இனி எடு” என்றார்.