வல்லை வெளியில் நிற்க மறுத்த ஜீப்

இரண்டு வருடங்களுக்கு முன், மார்கழி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை. நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழியில், வல்லை வெளி என்ற, இரண்டு பக்கமும் நீர் தேங்கும் திறந்த நிலத்தில் நடந்தது இது. இன்றும் அந்த இடத்தில் நான் வாகனத்தை மெதுவாகத்தான் ஓட்டுவேன். கூட வருபவர்கள் ஏன் என்று கேட்டால், காற்று அதிகம் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். உண்மையைச் சொல்ல வெட்கம். இங்கே பெயர் போடாமல் எழுதலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

நான் கரவெட்டிப் பக்கம். அலுவலக வேலை. ஆனால் சின்ன வயதிலிருந்தே வாகனப் பைத்தியம். கொழும்பில் ஒருவர் பந்தயங்களில் ஓடுவதற்கென்று வைத்திருந்த பழைய ஜப்பான் ஜீப் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் உயரமான வாகனம் எல்லாமே ஜீப்தான். ஆனால் இது சாதாரண ஜீப் இல்லை. டர்போ பூட்டிய ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின், கிளச் இல்லாத ஓட்டோ கியர். காலை வைத்து அழுத்தினால் முதுகு சீற்றோடு ஒட்டிக்கொள்ளும். மனைவிக்கு அதைக் கண்ட முதல் நாளே பிடிக்கவில்லை.

"உதிலை பிள்ளையையும் ஏத்திக்கொண்டு போகப் போறியளோ? பாத்தாலே பயமாக் கிடக்கு," என்றாள்.

"நான் உதைப் பசு மாதிரி ஆக்கிக் காட்டுறன், பாரும்," என்றேன்.

அந்த வீறாப்பில் நாலு மாதம் அதனோடு மல்லுக்கட்டினேன். இடி மாதிரிக் கத்திக்கொண்டிருந்த சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சாதாரணமான ஒன்றைப் போட்டேன். உழவு இயந்திரத்து ரயர் மாதிரி இருந்தவற்றை மாற்றினேன். சேலை உடுத்தவள் ஏறி இறங்கக்கூடியதாக வாகனத்தின் உயரத்தைக் குறைத்தேன். மேலே வரிசையாக இருந்த விளக்குகளைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, நிறம் பூசினேன். எஞ்சின் வேலையை மட்டும் நெல்லியடியில் கராஜ் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அதிகம் கதைக்க மாட்டார். வேலை சுத்தம். அக்சிலேற்றர் கேபிளைப் புதிதாகப் போட்டு, எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியெல்லாம் கழுவித் தந்தவர் அவர்தான்.

கடைசியாக மிச்சம் இருந்தது உள்ளே தரைதான். பழைய கம்பளம் ஊத்தை பிடித்துக் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் தடித்த றப்பர் விரிப்பு வாங்கி வந்து, பேப்பரில் அளவு எடுத்து, நானே வெட்டினேன். கால்மிதி நகராமல் இருக்கக் கம்பனி பூட்டியிருந்த இரண்டு கொளுக்கிகள் வடிவில்லாமல் துருத்திக்கொண்டிருந்தன. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய கம்பளத்தின் மேலேயே புதிய விரிப்பைப் பசை பூசி ஒட்டினேன். அவ்வளவு அழகாக இருந்தது! அலுவலகத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்தும் காட்டினேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று நாள் முன்பு ஒன்று நடந்தது. நெல்லியடிச் சந்திக்குக் கிட்ட, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்த பிறகும் வாகனம் ஒரு கணம் இழுத்தது. ஒரே ஒரு கணம்தான். குனிந்து பார்ப்பதற்குள் சரியாகிவிட்டது. வீட்டில் சொன்னால், "நான் அப்பவே சொன்னனான்" என்று வரும். மெக்கானிக்கிடமும் சொல்லவில்லை. புதுக் கேபிள், இழுபட்டுச் சரிவரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. மூன்று இரவும் சரியாக நித்திரை இல்லை. அப்படியிருந்தும் சனிக்கிழமை மனைவியையும் ஆறு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு, நல்லூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு அதே ஜீப்பில் புறப்பட்டேன்.

மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. வல்லையில் வீதியின் இரண்டு பக்கமும் தண்ணீர் விளிம்புவரை ஏறி நின்றது. வெளியில் ஒரு மரம் மறைப்பு இல்லை. காற்று வாகனத்தைப் பிடித்துத் தள்ளியது. முன்னால் ஒரு பஸ் புகை கக்கிக்கொண்டு ஊர்ந்தது. எதிரில் ஒன்றும் வரவில்லை. முந்திவிடலாம் என்று காலை அடிவரைக்கும் அழுத்தினேன்.

ஜீப் பாய்ந்தது. பஸ்ஸைக் கடந்தோம். காலை எடுத்தேன்.

வேகம் குறையவில்லை.

முதலில் எனக்கு விளங்கவில்லை. கால் மேலே இருக்கிறது, எஞ்சின் இன்னும் உறுமுகிறது. மீட்டர் முள் நூறைத் தாண்டி ஏறுகிறது. பிறேக்கை அழுத்தினேன். கொஞ்சம் பிடித்தது, ஏதோ கருகுகிற மணம் வந்தது. விட்டுவிட்டுத் திரும்ப அழுத்தினேன். மூன்றாவது தரம் அழுத்தும்போது பிறேக் கல் மாதிரி இறுகிவிட்டது. முழுப் பலத்தையும் போட்டு மிதித்தும் அசையவில்லை. எஞ்சின் முழு வேகத்தில் இழுக்கும்போது பிறேக்கை விட்டு விட்டு மிதித்தால் அப்படித்தான் ஆகும் என்று பிறகு அறிந்தேன். அந்த நேரம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இது நிற்காது. இடப்பக்கம் தண்ணீர். வலப்பக்கம் தண்ணீர். முன்னால் ஒடுக்கமான பாலம். பாலத்துக்கு அப்பால் எதிரில் ஒரு வான் வருகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம், எங்களுக்கு முன்னால், மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"என்னப்பா, மெதுவாப் போங்கோ!" என்றாள் மனைவி.

"நிக்குதில்லை," என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது. "நிக்குதில்லையப்பா, பிறேக் இல்லை!"

பின்சீற்றில் மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டு சட்டென்று நின்றது. என்னை உலுக்கியது அதுதான். ஆனாலும் என் கைகள் இரண்டும் ஸ்ரியரிங்கில் ஒட்டிக்கொண்டன. இத்தனை வருடம் வாகனம் ஓட்டியவன், எஞ்சின் எல்லாம் தெரியும் என்று ஊரெல்லாம் கதைத்தவன், ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல் இருந்தேன். ஹோர்னை மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"கியரைத் தள்ளுங்கோ! ரெயில் கேற்றிலை நிக்கேக்கை தள்ளுவியளே, அப்பிடித் தள்ளுங்கோ!"

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ரெயில் கடவையில் நிற்கும்போது நான் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். நான் அசையாமல் இருப்பதைக் கண்டதும் அவளே கையை நீட்டித் தள்ளிவிட்டாள்.

இழுவை விட்டது. எஞ்சின் மட்டும் வெடித்துவிடும் போலக் கிறீச்சிட்டது. மோட்டார் சைக்கிள்காரர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் தார் வீதியை விட்டு ஓரத்துக்கு இறக்கினார். அவர் விழுவதையும், பெட்டி கவிழ்ந்து மீன்கள் சிதறுவதையும் கண் ஓரத்தால் பார்த்தேன். எங்களுக்கும் அவருக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்குமோ என்னவோ. இரண்டு காலையும் சேர்த்துப் பிறேக்கில் ஊன்றி, சீற்றை விட்டு எழும்பியே மிதித்தேன். ஜீப் இடப்பக்கம் சரிந்து சேற்றுக்குள் இறங்கியது. முன்சில்லு ஒன்று ரயரோடு புதைந்தது. பாலத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டோம். எதிரே வந்த வான் எங்களைக் கடந்து போனது.

நின்ற பிறகும் எஞ்சின் அலறிக்கொண்டே இருந்தது. ஸ்ரியரிங்குக்குக் கீழே தொங்கும் திறப்பைத் திருகி அதை நிறுத்தலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்து திறப்பைத் திருகியது. செதிள் ஒட்டிய கை. மீன்காரர்தான். ஐம்பது வயது இருக்கும். முழங்கால் கிழிந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே? முதல்லை பிள்ளையை வெளியாலை எடுங்கோ, தம்பி. சேறு இளகினது, சரிஞ்சிடும்," என்றார். நான் இறங்க முன்னரே பின்கதவைத் திறந்து மகளைத் தூக்கித் தாருக்குக் கொண்டுபோய்விட்டார். மகள் அழவில்லை. "அப்பா, ஏன் பஸ்ஸோடை ரேஸ் ஓடினீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். அதைக் கேட்டு மனைவி அழத் தொடங்கினாள்.

மீன்காரர் நொண்டிக்கொண்டு போய் மீன்களைப் பொறுக்கினார். நானும் போய்க் குனிந்தேன். எடுத்த மீன் ஒவ்வொன்றும் வழுக்கித் திரும்பச் சேற்றில் விழுந்தது.

"விடுங்கோ தம்பி, நான் எடுக்கிறன். எங்களுக்குக் கடலிலை எஞ்சின் நிண்டாத்தான் பயம். உங்களுக்கு நிக்காமல் பயம் காட்டிப்போட்டுது," என்றார். வல்வெட்டித்துறையிலிருந்து அச்சுவேலிப் பக்கம் வியாபாரத்துக்குப் போகிறவர். காயத்துக்கு மருந்து போட வாருங்கள் என்று எவ்வளவு கேட்டும் வரவில்லை. மீன் பழுதாகிவிடும் என்று புறப்பட்டுவிட்டார்.

அவர் போன பிறகுதான் பயம் கோபமாக மாறியது. யார் மேலாவது அதை இறக்கி வைக்க வேண்டியிருந்தது. மெக்கானிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நீ கேபிள் போட்டனியோ, இல்லை எங்களுக்குக் குழி வெட்டினனியோ? என்ரை பிள்ளையைக் கொல்லப் பாத்திட்டாய்! அக்சிலேற்றர் இறுகி, வல்லையிலை தண்ணிக்குள்ளை போகப் பாத்தம்!" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவற்றை இங்கே எழுத முடியாது.

மறுபக்கத்தில் அவர், "பிள்ளை... பிள்ளை எப்பிடி அண்ணை?" என்றார். நான் பதில் சொல்லாமலே துண்டித்தேன். வேண்டுமென்றேதான்.

இருபது நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஹெல்மெற் இல்லை. கையில் எண்ணெய் கழுவப்படவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. நேரே மகளிடம் போய், அவள் முன்னால் முழங்காலில் இருந்து, கை கால்களைப் பார்த்தார். பிறகு பொனற்றைத் திறந்து கேபிளை இழுத்து விட்டார். அது டக்கென்று திரும்பியது. பத்துத் தரம் இழுத்தார். பத்துத் தரமும் திரும்பியது.

"இஞ்சை பிழை இல்லையே," என்று தனக்குத் தானே சொன்னவர், கதவுப் பக்கம் வந்து குனிந்து உள்ளே கை விட்டார். அக்சிலேற்றரைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ."

நான் ஒட்டிய றப்பர் விரிப்பு, மழை ஈரத்தில் பசை விட்டு முன்னால் நகர்ந்திருந்தது. அவர் அக்சிலேற்றரை அடிவரை அழுத்திக் காட்டியதும், அதன் சுருண்ட ஓரம் மேலே ஏறி அதைத் திரும்ப விடாமல் அமத்திப் பிடித்துக்கொண்டது.

"இது ஆர் போட்டது?"

மனைவி என்னைப் பார்த்தாள். "நான்தான்," என்றேன்.

அவர் ஒரு சொல்லும் ஏசவில்லை. விரிப்பை இழுத்தெடுத்து வெளியில் வைத்தார். பிறகு வீதி ஓரத்தில் அப்படியே குந்திவிட்டார். தோள்கள் குலுங்கின. வளர்ந்த ஒரு மனிதன் அப்படி அழுவதை நான் அதற்கு முன் கிட்ட நின்று பார்த்ததில்லை.

"வாற வழி முழுக்க, பிள்ளை இல்லையெண்டுதான் நினைச்சுக்கொண்டு வந்தனான் அண்ணை. நீங்கள் பதில் சொல்லேல்லை. எனக்கும் இவளின்ரை வயதிலை ஒண்டு இருக்கு," என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வரவில்லை. அவரே கயிறு கட்டி, வழியில் போனவர்களைக் கூப்பிட்டு, ஜீப்பைச் சேற்றிலிருந்து இழுத்து வெளியே எடுத்தார். அவரே அதை ஓட்டிக்கொண்டு எங்களை வீட்டில் இறக்கிவிட்டார். கல்யாண வீட்டுக்கு நாங்கள் போகவில்லை.

அன்று பின்னேரம் மனைவி ஒன்று சொன்னாள். நான் கத்தியபோது மெக்கானிக்கின் கை எண்ணெயாக இருந்ததாம், அதனால் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைத்தாராம். ஜீப்பை விட்டுவிட்டுப் போகும்போது, அவள் கேட்டதற்கு அவரே சொல்லியிருக்கிறார். கராஜில் அப்போது நின்ற எல்லோரும் என் ஏச்சைக் கேட்டிருக்கிறார்கள். வேலைக்கு வாகனம் கொண்டுவந்த ஒருவர், அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயும்விட்டார்.

திங்கட்கிழமை காலை கராஜுக்குப் போனேன். அங்கே நின்ற ஐந்தாறு பேருக்கு முன்னால், "பிழை விட்டது நான். இவரிலை ஒரு பிழையும் இல்லை," என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் காது சூடாகிவிட்டது. வாகனத்தை எடுத்துக்கொண்டு போனவரின் வீட்டையும் விசாரித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டினாரே தவிர, அவர் வாகனம் மறுபடி அந்தக் கராஜுக்கு வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மெக்கானிக்கிடம் கேட்க எனக்குத் துணிவும் இல்லை. அவர் என்னோடு வழமை போலத்தான் கதைக்கிறார். ஜீப்பும் இப்போது அவர் சொன்னபடி, கொளுக்கி பூட்டிய ஒரே ஒரு மெல்லிய கால்மிதியோடு ஓடுகிறது.

நிற்காத ஜீப்புக்குள் எனக்கு வந்த பயம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் நெல்லியடியிலிருந்து வல்லைவரை, ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தபடி வந்த அந்த மனிதனின் இருபது நிமிடத்தை நினைக்கும்போதெல்லாம், என் வாய் மீதே எனக்குப் பயமாக இருக்கிறது.