கடல் என்று இருந்த இடம்

உயிர்த்த ஞாயிறு விடிந்ததும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவர்கள் மயானத்துக்குப் போய், அவரவர் உறவுகளின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். இந்த வருடம் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற அப்பாவின் கல்லறை இல்லை. கார்த்திகை மழையில் மலை சரிந்து தொழிலாளர் லயத்தின் கோடி வீடுகளை மூடியபோது அப்பா உள்ளே இருந்தார். பெக்கோ இயந்திரம் பத்து நாள் மண் அள்ளியது. கூடப் புதைந்த மற்ற மூன்று பேரின் உடலும் கிடைத்தது. அப்பா கிடைக்கவில்லை.

அம்மா மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்தபடியே திரும்பி வந்தார். வாசலில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அப்பாவின் தம்பி, டவுனில் ஒரு ஜெப சபைக்குப் போகிறவர்.

"மெழுகுவர்த்தி யாரையும் எழுப்பாது அண்ணி."

"ஒங்க சபையில தட்டுற கையுந்தான் எழுப்பாது."

"வம்புக்குச் சொல்லல. அண்ணன் முழுக்கு எடுக்கலையே. எத்தன தடவ கூப்புட்டேன்? ஆத்துத் தண்ணி ஐஸ் மாதிரி இருக்குடா, வெயில் வரட்டும்னாரு."

சொல்லிவிட்டு அவரே அழுதார். ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் எடுக்காதவர் பரலோகத்துக்கு எழமாட்டார் என்பது அவர் நம்பிக்கை. அண்ணனுக்காகக்கூட அதைத் தளர்த்த அவருக்குத் தெரியவில்லை.

அம்மா என்னிடம் திரும்பினார். எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான்.

"தம்பி, நீ பாத்துச் சொல்லு. ஒடம்பு கெடைக்காதவங்களும் எந்திரிப்பாங்கன்னு வேதத்துல இருக்கா, இல்லையா?"

பெக்கோ தேடுவதை நிறுத்திய அன்றே எனக்குக் கடவுள் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஆனாலும் தேடினேன். வேதத்தின் கடைசிப் பக்கங்களில், கடல் தன்னிடமிருந்த இறந்தவர்களைத் திருப்பிக் கொடுத்ததாக ஓரிடம் இருந்தது. வாசித்தேன்.

"கடலு சரி. நமக்கு ஏது கடலு? மண்ணு குடுக்குமா?"

"அதுவும் இருக்கும்மா."

"எங்க, காட்டு."

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கொழுந்துக் கறை ஏறிய அந்த விரலைப் பிடித்து, கடல் என்று இருந்த இடத்தின் மேலேயே வைத்தேன். "இதுதான் மண்ணு" என்றேன்.

சித்தப்பா சபையில் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றவர். எட்டிப் பார்த்தார். வேதத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக்கூடாது என்று ஊரோடு சண்டை போடுகிறவர். உதடு அசைய அந்த வரியை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா அண்ணி, அப்புடித்தான் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் அதிகம் வருவதில்லை.

அம்மா ஒவ்வொரு ஞாயிறும் அந்த இடத்தை வாசிக்கச் சொல்கிறார். மண் என்றே வாசிக்கிறேன். முடிந்ததும் போய்ச் சரிவைப் பார்த்தபடி நிற்கிறார். மண் எப்போது திருப்பிக் கொடுக்கும் என்று இன்னும் கேட்கவில்லை. கேட்டால் விரல் வைத்துக் காட்ட என்னிடம் வேறு இடமில்லை.