தபசு ஆஃபரில் தற்காப்பு

என் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போன அன்று நான் லீவு போடவில்லை. காலையில் திருவேங்கடம் போகும் பஸ்ஸைப் பிடிக்க நடந்துகொண்டிருந்தேன். பின்னால் பைக் சத்தம் கேட்டது. ஒதுங்கி வழிவிட்டேன். கழுத்தில் ஒரு கை விழுந்தது. முதல் இழுப்புக்குச் சங்கிலி வரவில்லை, அடுத்த இழுப்புக்கு வந்துவிட்டது. பின்சீட்டில் இருந்தவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். பிறகு கீழே விழுந்திருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துத் தூசி தட்டினேன். பஸ் ஏறினேன். தாலுகா அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, முந்தின நாள் பாதியில் விட்ட கோப்பைத் திறந்தேன். பக்கத்து மேஜைக்காரி "என்னக்கா, ஜாக்கெட்ல ரத்தம்?" என்று பதறியபோதுதான் "சங்கிலிய அத்துட்டுப் போயிட்டாங்க" என்றேன். அவள் அழுதாள். அவள் அழுகையை ஓயவைக்க நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "கத்தலியா?" போலீஸ் ஸ்டேஷனில் கேட்டார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் கணவர் போனில் கேட்டார். விடுதியில் இருந்து மகள் கேட்டாள். கத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பயந்து வாயடைத்துப் போயிற்று என்றும் சொல்ல முடியாது. பயம் வந்ததாகவே நினைவில்லை. அதன் பிறகு எதுவுமே பெரிதாக வரவில்லை. சமைத்தேன், பஸ்ஸில் போனேன், வந்தேன், படுத்தேன், தூங்கினேன். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிக்கொண்டேன். கணவர் அந்த வாரம் வந்துவிட்டுப் போனார். அவர் வந்திருந்ததும் போனதும் எனக்கு ஒன்றுபோலவே இருந்தன. இது அவரிடம் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் சொல்லவில்லை.

அண்ணன் வீடு அடுத்த தெரு. கீழே தறி ஓடும், மேலே குடியிருப்பு. அந்தச் சத்தத்தோடு பேசிப் பேசி மதினிக்குக் குரல் எப்போதும் ஒரு படி உயரத்தில்தான் இருக்கும். கோயிலில் மருந்தாகத் தரும் புற்றுமண்ணை எடுத்துவந்து என் கழுத்துப் புண்ணில் தினமும் குழைத்துத் தடவியது அவள்தான். ஒருநாள் தடவிக்கொண்டே சொன்னாள்.

"ஏட்டி, நீ இப்படி மரக்கட்ட மாதிரி இருந்தா சரிவராது. நாலு அடி அடிக்கக் கத்துக்கோ. ராஜபாளையம் ரோட்டுல புதுசா ஒண்ணு தொறந்திருக்கான். போர்டுல பொம்பளப் படம்லாம் போட்டிருக்கு. சனிக்கிழமை போயிப் பாப்போம்."

வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் அதற்கும் ஒரு காரணம் வேண்டும். சரி என்றேன்.

அந்த ஜிம் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, தரையில் நீல மெத்தை, உத்தரத்திலிருந்து தொங்கும் குத்துமூட்டைகள். சுவர் முழுக்க வெளிநாட்டுக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். வாசலில் 'தபசு ஸ்பெஷல் ஆஃபர்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தால் ஜவுளிக்கடையும் பாத்திரக்கடையும் தள்ளுபடி போடுவது வழக்கம்தான். அடிதடிக்கும் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

கவுன்டரில் கறுப்பு டி-சர்ட் போட்ட ஒரு பெண் இருந்தாள். என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் மதினி முழுக்கதையையும் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் "ஐயோ அக்கா" என்று நெஞ்சில் கை வைத்தாள். அந்தக் கையாலேயே கட்டண அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"கரெக்டான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. கராத்தே, கிக் பாக்ஸிங், செல்ஃப் டிஃபென்ஸ் மூணும் ஒரே பேக்கேஜ்க்கா. வருஷத்துக்குச் சேத்துக் கட்டுனா அட்மிஷன் ஃபீஸ் கிடையாது."

"ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டலாமா?"

"கட்டலாம்க்கா. ஆனா ஒரு மாசத்துல என்ன வரும்? கை கால் மடங்கவே ஒரு மாசம் ஆயிரும்."

"பொம்பளையாளுகளுக்குத் தனி நேரம் உண்டா?"

"ஸ்டார்ட் பண்ணப் போறோம்க்கா. உங்கள மாதிரி நாலு பேரு சேந்தா உடனே ஸ்டார்ட் பண்ணிருவோம்."

"ஒரு வாரம் வந்து பாத்துட்டுச் சேரட்டுமா?"

"ஆஃபர் இன்னைக்கோட முடியுதே அக்கா."

கேள்வி எதைக் கேட்டாலும் பதில் அந்த அட்டைக்கே வந்து நின்றது. உள் அறையிலிருந்து மேனேஜர் வந்தார். எனக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீ வரவழைத்தார். "பொண்ணு இருக்கா மேடம்?" என்றார். இருக்கிறாள் என்றேன். "அம்மாவே பயந்து நின்னா, பொண்ணுக்குத் தைரியம் எங்கருந்து வரும்?" என்றார். நான் பயந்து நிற்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். டீயைக் குடித்தேன். அவர் என் தலைக்கு மேலே பின்னால் யாரையோ பார்த்துத் தலையாட்டினார்.

அப்போது கழுத்தில் ஒரு கை விழுந்தது.

பின்னாலிருந்து அழுத்திப் பிடித்திருந்தது. பெருவிரல் சரியாகப் புண் மேல் இருந்தது. நான் அசையவில்லை. கையில் இருந்த டீ டம்ளர்கூட ஆடவில்லை. குத்துமூட்டையைக் குத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா மேடம்? இப்ப என்ன செய்வீங்க?" என்றார் மேனேஜர். "ஒண்ணும் செய்ய முடியல பாருங்க. இதுக்குத்தான் சொல்லுதோம்."

"ஏய், கைய எடுய்யா!" என்று மதினி எழுந்து நின்று போட்ட சத்தத்தில் அந்தக் கை விலகியது. "கேக்காம பொம்பள கழுத்துல கை வைக்க?"

"டெமோதான்க்கா. எல்லாருக்கும் காட்டுறதுதான்" என்று சொல்லிவிட்டு, கழுத்தைப் பிடித்த கராத்தே மாஸ்டர் மெத்தைப் பக்கம் போய்விட்டார். அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

மதினி மேனேஜரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்த நேரத்தில், நான் போனை எடுத்து, கவுன்டரில் ஒட்டியிருந்த க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து அட்வான்ஸ் கட்டிவிட்டேன். ஏன் கட்டினாய் என்று பிறகு மதினி கேட்டாள். எதிரில் இருப்பவர்கள் என்னிடம் எதையோ எதிர்பார்க்கிறார்கள், அதைக் கொடுத்துவிட்டால் எழுந்து போகலாம் என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் எனக்குப் புரிந்தது. கவுன்டர் பெண் "தேங்க்ஸ்க்கா" என்று சிரித்தாள்.

கீழே இறங்கியதும் பூக்காரி பார்க்க, ஆட்டோக்காரர் பார்க்க, நடுரோட்டில் வைத்து மதினி என்னைத் திட்டினாள். "அவன் கழுத்தப் பிடிக்கான், நீ காசு குடுத்துட்டு வாரியே! உனக்கு என்னதான்ட்டி ஆச்சு?" வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆறிவந்த புண்ணின் ஓரம் பிரிந்திருந்தது. அவளே மறுபடி புற்றுமண் குழைத்தாள்.

திங்கட்கிழமையிலிருந்து கவுன்டர் பெண்ணின் போன் வர ஆரம்பித்தது. பஸ்ஸில் போகும்போது வரும், அலுவலகத்தில் மனு வாங்கிக்கொண்டிருக்கும்போது வரும். "அக்கா, பேலன்ஸ் எப்பக்கா கட்டுதீங்க? மேனேஜர்கிட்ட பேசி ஆஃபர உங்களுக்காக நீட்டி வச்சிருக்கேன்." தபசு வந்தது. தெருவெல்லாம் கூட்டம், நடக்க இடமில்லை. தபசு முடிந்து பந்தலைப் பிரித்தார்கள். தபசு ஆஃபர் மட்டும் எனக்காக முடியாமலே இருந்தது. ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். எந்த ஊரோ தெரியவில்லை, ஒரு பெண்ணைச் சங்கிலியோடு தெருவில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். கீழே அவள் குரலில் ஒரு செய்தி. "அக்கா, இதப் பாருங்க. யோசிச்சுக்கிட்டே இருக்காதீங்க."

அதைப் பார்த்தும் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிலுவையில் கிடக்கும் ஒரு கோப்பை முடித்துவிடலாம் என்று தோன்றுமே, அப்படித்தான் தோன்றியது. சனிக்கிழமை மதினியிடம் சொல்லாமல் தனியாகப் போனேன்.

"நான் சேரல. அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துருங்க."

"அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாதேக்கா. வேணும்னா உங்க ஃபிரெண்டு யாருக்காவது மாத்திக் குடுக்கேன்."

மேனேஜர் வெளியே வந்தார். "சார கூட்டிட்டு வாங்க மேடம், பேசிக்கிடுவோம்" என்றார்.

"அவரு திருப்பூர்ல இருக்காரு. நான் இங்கன உக்காந்திருக்கேன்" என்று சொல்லி, கவுன்டருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தாலுகா அலுவலகத்தில் இத்தனை வருடம் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து நான் கற்றது ஒன்று உண்டு. சத்தம் போடுகிறவரைச் சமாளிப்பது எளிது. அவர் சத்தம் போட்டு முடித்ததும் நாளைக்கு வரச் சொல்லிவிடலாம். எதுவும் பேசாமல் எதிரே உட்கார்ந்து நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவரை ஒன்றும் செய்ய முடியாது. நம்மால் ஒரு வாய் டீகூட நிம்மதியாகக் குடிக்க முடியாது. அவர்களுடைய சான்றிதழைத்தான் நான் முதலில் முடித்துக் கொடுத்திருக்கிறேன். அன்று அப்படி உட்கார்ந்திருப்பது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. உள்ளே எதுவும் ஓடாத ஆளுக்கு உட்கார்ந்திருப்பதில் என்ன கஷ்டம்?

வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு அம்மா பள்ளிக்கூடத்துப் பெண்ணோடு வந்தார். கவுன்டர் பெண் அட்டையை எடுப்பதற்குள் என்னைப் பார்த்து, "இங்க நல்லாச் சொல்லிக் குடுக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

"தெரியலம்மா. நான் சேரல. போன தடவ வந்தப்ப கேக்காம பின்னால வந்து கழுத்தப் பிடிச்சுக் காட்டுனாங்க. இங்கன புண்ணு இருந்துச்சு" என்று தலையைச் சாய்த்துக் காட்டினேன்.

எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல்தான் சொன்னேன். அந்த அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்புறமாக வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

"அக்கா, அப்படிச் சொல்லாதீங்கக்கா" என்றாள் கவுன்டர் பெண்.

"நடந்ததத்தான சொல்லுதேன்."

அடுத்து இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். அவர்களும் கேட்டார்கள். அதையே சொன்னேன். அவர்கள் படியிறங்கியதும் மேனேஜர் என் பக்கம் பார்க்காமல் கவுன்டர் பெண்ணிடம், "அவங்க நம்பருக்கு அட்வான்ஸ அனுப்பி விட்டுரு" என்றார். போனில் மணி அடித்தது. பார்த்தேன், பணம் வந்திருந்தது. எழுந்தேன்.

பாதிப் படியில் இறங்கும்போது கவுன்டர் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு மாசம் இத்தன பேரச் சேத்து விடணும்னு இருக்குக்கா. இல்லன்னா சம்பளத்துல கை வச்சிருவாங்க."

"சரிம்மா."

அவள் போகவில்லை. கைப்பிடிக் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். "என்னையும் மொத நாளு மாஸ்டர் அப்படித்தான் பிடிச்சுக் காட்டுனாருக்கா" என்றாள்.

"நீ என்ன செஞ்ச?"

"சும்மா நின்னேன்க்கா."

கீழே கடையில் யாரோ புதுப் போனுக்கு ரிங்டோன் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. "நானும் அப்படித்தான் நின்னேன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மேலே போனாள். அதற்குப் பிறகு எனக்குப் போன் வரவில்லை.

பணம் திரும்பி வந்ததைக் கேட்டதும் மதினி, தான் இல்லாமல் போனதற்கு முதலில் திட்டினாள். பிறகு நான் என்ன சொன்னேன், அவன் முகம் எப்படிப் போனது என்று மூன்று நான்கு முறை கேட்டுச் சிரித்தாள். அடுத்த வாரமே இன்னொரு இடம் பார்த்துவந்தாள். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில், சாயங்கால வேளையில் கராத்தே வகுப்பு. சொல்லிக்கொடுப்பவர் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். ஏசி இல்லை, மெத்தை இல்லை. மேஜைகளை ஓரமாக அடுக்கிவிட்டு நடுவில் பழகுகிறார்கள். முந்தின நாள் விருந்தின் சாம்பார் வாசனை சுவரிலேயே ஊறிக் கிடக்கும். முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது.

"எவ்வளவு கட்டணும்?" என்று மதினி சண்டைக்குத் தயாராகவே கேட்டாள்.

"இப்ப ஒண்ணும் கட்ட வேண்டாம். சும்மா வந்து உக்காந்து பாருங்க. பிடிச்சா அந்த மாசத்துக்குக் கட்டுங்க. பிடிக்கலன்னா விட்டுருங்க" என்றார் டீச்சர். ஏன் வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. மதினி சொல்ல வாயெடுத்தபோது, "கிளாஸுக்கு நேரமாச்சு, அப்புறம் பேசுவோம்" என்று போய்விட்டார்.

சில நாள் ஓரமாக அமர்ந்து பார்த்தோம். பிறகு சேர்ந்தேன். துணைக்கு என்று சொல்லி மதினியும் சேர்ந்தாள். முதல் நாள் என் முழங்கை தவறான கோணத்தில் இருந்தது. டீச்சர் பக்கத்தில் வந்து, "தொட்டுச் சரி பண்ணட்டுமாக்கா?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்று, "அப்ப என்னப் பாத்துச் செய்யுங்க" என்று தன் கையை மடக்கிக் காட்டினார். அவ்வளவுதான். அதைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

ஒவ்வொரு குத்துக்கும் ஒரு சத்தம் போட வேண்டும். மதினி போடும் சத்தத்தில் கூடத்துக் கூரைத் தகரம் அதிரும். பிள்ளைகள் சிரிப்பார்கள், அவள் இன்னும் உரக்கப் போடுவாள். எனக்கு அது வரவில்லை. வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. டீச்சர் அதைக் கண்டுகொள்வதில்லை.

இப்போதும் போகிறேன். குணமாகிவிட்டதா என்று கணவர் போனில் கேட்டால் என்ன சொல்வதென்று தெரியாமல், போய்க்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறேன். போன வாரம் வகுப்பு முடிந்து வீட்டுக்கு நடந்துவரும் வழியில் மதினி கேட்டாள்.

"இப்ப எவனாவது வந்து கைய வச்சா என்னட்டி செய்வ?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியல மதினி."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "எனக்கும் தெரியலதான்" என்றாள். "நாளைக்கு மண்டபத்துல கல்யாணமாம், கிளாஸ் கிடையாது. மாவு இருக்கு, ராத்திரி தோசை சுடுதேன், வந்துரு."

வருகிறேன் என்றேன்.