சாப்பிடாமலே பெருத்த வீடு

எங்கள் வீட்டில் யாரும் அதிகம் சாப்பிட்டதில்லை. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், கோவை கணபதியில், ஒரு வாடகை வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருமே குண்டு. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா சொல்லும் முதல் புகார், "இந்தப் புள்ள ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குதுங்க" என்பதுதான்.

அதே புகாரை அவள் டாக்டரிடமும் சொன்னாள். என் எடையைக் குறைக்க வழி கேட்டுத்தான் நாங்கள் போயிருந்தோம். போன இடத்தில் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"என்ற புள்ளைக்குப் பசியே எடுக்கறதில்லீங்க டாக்டரு. ஒரு கரண்டிச் சோத்துக்கு மேல உள்ள போகாதுங்க. அப்படியே பசி எடுக்கவும் ஒரு டானிக் எழுதிக் குடுத்துருங்க."

டாக்டர், எடை மெஷின் மேல் நின்றிருந்த என்னைப் பார்த்தார். பிறகு முள்ளைப் பார்த்தார். டானிக் எழுதவில்லை.

இத்தனைக்கும் காரணம் த்ரோபால். பள்ளியில் என் எறிக்கு எல்லாரும் பயப்படுவார்கள். நான் பந்தைத் தலைக்கு மேல் தூக்கினாலே எதிர்ப்பக்கம் இரண்டடி பின்னால் போகும். ஆனால் பந்து கொஞ்சம் தள்ளி விழுந்தால் ஓடிப் பிடிக்க என்னால் ஆகாது. மூச்சு இரைக்கும். விளையாட்டு டீச்சர் நல்லவர், மூடி மறைத்துப் பேசத் தெரியாதவர். "கை இருக்குது, கால் இல்ல. பொங்கல் லீவு முடிஞ்சுதான் டீம் எடுப்பேன். அதுக்குள்ள ஒடம்பக் குறைச்சுட்டு வா, பாக்கலாம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அந்த டீமில் சேர வேண்டும் என்று ஆசைப்பட்ட அளவுக்கு அதுவரை நான் எதற்குமே ஆசைப்பட்டதில்லை.

டாக்டர் சொன்ன வைத்தியம் ரொம்பச் சுருக்கம். "சாப்பாட்டைக் குறைங்க. அம்மாவும்தான். உங்க முழங்கால் வலி தீரவும் அதுதான் மருந்து."

நாங்கள் பேச்சுத் தட்டாமல் குறைத்தோம். அன்றைக்கே அரிசி டப்பாவின் மூடி இறுகியது. ராத்திரிச் சோறு நின்று சப்பாத்தி வந்தது. சப்பாத்தி வறவறவென்று இருக்கக் கூடாதென்று எண்ணெய் விட்டுச் சுட்டாள் அம்மா. வெறும் சப்பாத்தி எப்படி இறங்கும் என்று தேங்காய் அரைத்து உருளைக்கிழங்குக் குருமா வைத்தாள். நெய் மிதக்கும் அரிசிம்பருப்புச் சாதம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றானது. மத்தியானம் அம்மா ஒரு பிடி சோற்றோடு எழுந்துவிடுவாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

அடுத்த முறை போனபோது முள் முன்பைவிடத் தள்ளிப் போய் நின்றது. இரண்டு பேருக்கும்.

"நான் சொன்னதைச் செஞ்சீங்களா?" என்றார் டாக்டர்.

"சாமி சத்தியமா சாப்பாட்டப் பாதியாக் குறைச்சுப்போட்டோமுங்க" என்ற அம்மாவின் குரல் தழுதழுத்தது. டாக்டர் நம்பவில்லை. அவர் நம்பாதது எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் பொய் சொல்லவில்லை என்பதற்கு நான்தானே சாட்சி.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் நோண்டிப் பார்க்கும் புத்தி. சாப்பிடாமல் எப்படி ஒரு உடம்பு பெருக்கும்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டேன். அத்தை, அப்பாவின் அக்கா, சிறுவாணித் தண்ணீர் மேல் பழி போட்டார். அந்தத் தண்ணீர் குடித்தால் உடம்பு ஊறுமாம். ஆனால் எங்கள் தெரு முழுக்க அதே தண்ணீர்தான். பக்கத்து வீட்டு அக்கா அதைக் குடித்துவிட்டு முருங்கைக்காய் மாதிரிதான் இருந்தார். அப்பா, "வம்சவாகு" என்றார். நான் ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். கல்யாண ஃபோட்டோவில் அப்பாவின் கன்னங்கள் ஒட்டிப்போய்க் கிடந்தன. அவர் அப்போது அந்த வம்சத்தில் சேரவில்லை போலிருக்கிறது.

அம்மா கிரைண்டரைக் கைகாட்டினாள். "ஆட்டுக்கல்லுல ஆட்டுனப்ப எனக்கும் இடுப்புன்னு ஒண்ணு இருந்துச்சு" என்றாள். இதில் விஷயம் இருப்பதாக எனக்குப் பட்டது. ஆனால் நான் ஆட்டுக்கல்லைத் தொட்டதே கிடையாது. என் பங்குக்கு யோசித்ததில், வீட்டுக்கு எதிரே நாங்கள் ஓடி விளையாடிய காலி இடம் நினைவுக்கு வந்தது. அதை வீட்டு மனைகளாகச் சைட் போட்டு முள்கம்பி இழுத்துவிட்டார்கள். அதே வருஷம் வீட்டுக்குக் கேபிள் வந்தது. சாயங்காலமானால் டிவிக்கு முன்னால் உட்காருவதுதான் வேலை. இதுவும் ஒரு காரணம்தான். ஆனாலும் சும்மா உட்கார்ந்திருந்தால் மட்டும் சதை எங்கிருந்து வந்து ஒட்டும் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு சாயங்காலம் அத்தை கொடுமுடியிலிருந்து வந்திருந்தார். அம்மா ஓடியாடி உபசரித்தாள். முதலில் மிக்சர். அடுப்பிலிருந்து சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி. சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. அப்பா முந்தின நாள் பேக்கரியில் வாங்கி வந்த ஹனி கேக், ஆளுக்கொரு துண்டு. அத்தை வேண்டாம் வேண்டாமென்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் முடித்தார். துணைக்கு அம்மாவும் தின்றாள். நானும் தின்றேன். விருந்தாளியை மட்டும் தனியே தின்னவிட்டு வேடிக்கை பார்ப்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அம்மா பதறிப்போனாள்.

"ஏனுங்க அண்ணி, ஒண்ணுமே சாப்பிடாமப் போறீங்களே!"

"இருக்கட்டும் அம்மணி. இன்னொரு நாளைக்கு வந்து சாப்பிடறேன்" என்றார் அத்தை, கேக்கின் தேனை விரலிலிருந்து நக்கியபடி.

நான் காலித் தட்டுகளைப் பார்த்தேன். எனக்குள் ஏதோ சட்டென்று திறந்துகொண்டது. சந்தோஷத்தில் கத்தியிருப்பேன். எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் சோறு. சோறு மட்டும்தான் சாப்பிடுவது. மற்றதெல்லாம் சும்மா வாயில் போடுவது. டாக்டர் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார், நாங்கள் சோற்றைக் குறைத்தோம். அந்தப் பசிக்கு நாள் முழுக்க எதையாவது வாயில் போட்டுக்கொண்டே இருந்தோம். டாக்டர் சொன்னதிலும் தப்பில்லை, அம்மாவும் பொய் சொல்லவில்லை.

அடுத்த முறை, அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே ஆரம்பித்தேன். "நாங்க சாப்பிடறது கம்மிதானுங்க டாக்டர். ஆனா தின்னுட்டே இருக்கறோமுங்க." அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "என்னத்தை?" என்றார். நான் காலை பிஸ்கட்டில் ஆரம்பித்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"அதெல்லாம் சாப்பாடுங்களா டாக்டரு? சும்மா வாயில போடறதுதானுங்களே!"

டாக்டர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "வயிறார நேரத்துக்குச் சோறு சாப்பிடுங்க. அந்தச் சும்மாவை நிறுத்துங்க" என்றார். அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் சோறு திரும்பக் கிடைத்ததில் அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். பஜ்ஜிச் சட்டியைப் பரணில் ஏற்றினாள்.

மிச்சம் இருந்தது அப்பா.

அப்பாவுக்கு லேத் பட்டறை. பம்புசெட்டுக்கு உதிரி பாகம் கடைவார்கள். நான் எழுவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார். இருட்டிய பிறகு வருவார். வரும்போது கையில் எண்ணெய் ஊறிய பேக்கரிப் பொட்டலம் இருக்கும். பப்ஸ், தேங்காய் பன், ஹனி கேக், ஏதோ ஒன்று. "இந்தா அம்மணி" என்று நீட்டுவார். நான் வாங்கிக்கொண்டு டிவி முன்னால் உட்காருவேன். பிறகு அவர் குளிக்கப் போவார். அவர் சாப்பிட உட்காரும்போது நான் தூங்கியிருப்பேன்.

"அவருகிட்ட நீயே சொல்லு கண்ணு. என்னால ஆகாது" என்றாள் அம்மா. அது ஏனென்று எனக்கு அப்போது புரியவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு அப்பா பொட்டலத்தோடு உள்ளே வந்தபோதுதான் புரிந்தது. த்ரோபால் டீமை நினைத்து மனதைக் கெட்டியாக்கிக்கொண்டேன்.

"வேண்டாங்கப்பா. டாக்டர் சொல்லிட்டாருங்க. இனி வாங்கிட்டு வராதீங்க."

 அவர் நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு பொட்டலத்தைக் கிரைண்டர் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். 

அதற்குப் பிறகு முள் மெல்ல மெல்ல இறங்கியது. பொங்கல் லீவு முடிந்து எடுத்த டீமில் என்னை எக்ஸ்ட்ராவாகச் சேர்த்தார்கள். ஒருத்திக்கு அம்மை போட்ட புண்ணியத்தில் ஒரு மேட்ச் முழுக்க ஆடினேன். அந்த மேட்ச் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. பொட்டலத்தை வேண்டாமென்று சொன்னதற்கு மறுநாள்தான் அப்படியே நினைவிருக்கிறது.

அன்றைக்கு அப்பா வெறுங்கையோடு வந்தார். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். நானும் எழுந்து நின்றேன். எனக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அந்தப் பொட்டலம்தான் எங்கள் பேச்சாக இருந்திருக்கிறது.

கடைசியில் அவர், "சாப்பிட்டியா?" என்றார்.

"இன்னும் இல்லீங்கப்பா."

"அப்ப இரு. வாரேன். சேர்ந்து சாப்பிடலாம்."

கைகால் கழுவிவிட்டு வந்து எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மா டிவியை அணைத்துவிட்டுச் சோறு போட்டாள். அப்பா பிசைந்தார், ஒரு வாய் போட்டார், என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க நினைத்து விழுங்குவது தெரிந்தது. இரண்டாவது வாய்க்குப் பிறகு கேட்டேவிட்டார்.

"ஏனம்மணி, இப்ப நீ ஆறாவதா, ஏழாவதா?"