பாவுக்குக் காவல்

மழை விட்ட கார்த்திகைக் காலை. வெயில் பளீரென்று அடித்தது, ஆனால் காற்று ஈரத் துணி மாதிரி காதைத் தொட்டது. மழையால் தள்ளிப் போய்க்கொண்டே இருந்த எங்கள் தறிப் பாவை அன்றுதான் தெருவில் நீட்டினோம். பாவு என்றால் சேலையின் நீள இழைகள்; அவற்றைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவைக்க வேண்டும். வீட்டுக்குள் அதற்கு இடம் ஏது?

அந்தப் பாவுதான் எங்கள் பொங்கல், எங்கள் தை மாதம், எல்லாம். சாம்பல் நிற உடல், மாந்துளிர்க் கரை. நான் யோசித்த ஜோடி. கல்யாணச் சேலையில் சாம்பலா என்று முகம் சுளித்த, எங்களிடம் சேலை எடுக்கும் கடைக்காரர், இரண்டு நூலையும் சேர்த்துப் பார்த்ததும் மயங்கிவிட்டார். ஆனால் ஒரே பேச்சாகச் சொன்னார்: தை முகூர்த்தத்துக்கு முன்னால் இந்த நிறம் வெளியே தெரிந்தால் சேலையை எடுக்க மாட்டாராம். விசைத்தறிக்காரன் கண்ணில் பட்டால் போதும், நாலே நாளில் மலிவு விலையில் கடைத்தெருவில் தொங்கும். போன வருஷம் அப்படி ஏமாந்து அழுதவள் நான்.

அதனால்தான் முன்பின் தெரியாத அந்த ஆளைப் பார்த்ததும் நேராக அவனிடம் போய் நின்றேன். தலையில் தொப்பி, கழுத்தில் பெரிய கேமரா. தெருமுனையில் குந்தி உட்கார்ந்து பாவையே குறிவைத்துக்கொண்டிருந்தான்.

"யாருபா நீ? இன்னாத்துக்கு இங்க படம் புடிச்சிக்கினு இருக்க?"

"சும்மாதாங்க. வெயில் நல்லா இருந்திச்சி, அதான்."

சும்மாவாம்! சும்மா எவனாவது குளிரில் வந்து தரையில் குந்துவானா? கேமராவைக் காட்டச் சொன்னேன். தயங்காமல் காட்டினான். எல்லாம் கறுப்பு வெள்ளை. எனக்குச் சந்தேகம் இன்னும் ஏறியது. கலரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறானோ?

"அழி. எல்லாத்தியும் அழி."

"வுடேன்மா, பாவம்," என்றார் கஞ்சி தெளித்துக்கொண்டிருந்த என் புருஷன். அவருக்கு ஊரில் எல்லாரும் பாவம்தான்.

அந்த ஆள் ஒவ்வொன்றாக அழித்தான். கோபப்படவில்லை, மன்னிப்புக்கூடக் கேட்டான். இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் இருப்பானா? அடுத்த தெருவுக்குப் போய் வேறு யார் பாவிலாவது கைவைத்தால்? அவன் கிளம்புமுன் நில்லு என்று சொல்லி, என் போனில் அவனைப் படம் பிடித்தேன். கையோடு ஊர் நெசவாளர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: "இந்த ஆள் பாவைப் படம் பிடிக்கிறான். எல்லாரும் உஷார்."

கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. "சரியா கேட்டீங்கக்கா", "வுடாதீங்க" என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. புருஷனுக்குப் படித்துக்காட்டினேன். "கேட்டுக்கோ, பாவமாம் பாவம்!"

அடுத்து வந்தது ஐயம்பேட்டைப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிற ஒருவரின் குரல் செய்தி. சத்தமாக வைத்தேன்.

"ஆளு யாருன்னு தெர்லக்கா. பின்னாடி பாவு செமையா இருக்குது. கரை மாந்துளிருதான?"

அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு படத்தைத் திறந்தேன். தொப்பி நிழலில் அவன் முகமே தெரியவில்லை. அவனுக்குப் பின்னால், தெரு நெடுக, சாம்பலும் மாந்துளிருமாக என் பாவு வெயிலில் ஜொலித்துக்கொண்டிருந்தது.

உடனே குரூப்பிலிருந்து அதை அழித்தேன். அழித்து என்ன? பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்தாயிற்று. அதற்குள் போன் அடித்தது. கடைக்காரர்.

புருஷன் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தார்.

"எடும்மா," என்றார். "அவுரும் அந்த குரூப்புலதான் கீறாரு."